வெயில் மின்சாரமும் விளைநிலமும்

கதிரவன் ஒளியை உணவாக மாற்றும் தொழிலே வேளாண்மையாகும். அதே ஒளியை மின்சாரமாக மாற்றும் சூரிய மின்தகடுகள் இன்று நம் வயல்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன. மானாவாரி நிலம் மிகுந்த மாவட்டங்களில், "உங்கள் நிலத்தைச் சோலார் கம்பெனிக்கு 25 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுத் தரகர்கள் ஊர் ஊராக வருகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கேள்வி வரும்போது, சரி என்று சொல்லவே மனம் முந்தும். ஆனால் 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக் காலம். கையெழுத்திடும் முன்பு, சூரிய மின்சாரத்திற்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடம் விளைநிலமாகத்தான் இருக்க வேண்டுமா, பேட்டரி எனப்படும் மின்கலம் வந்த பின் நிலைமை எப்படி மாறுகிறது ஆகியவற்றை உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

மின்சாரத்திற்கும் நிலம் வேண்டும்

வட சென்னையிலுள்ள வியாசர்பாடியை எடுத்துக்கொள்வோம். வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் உழைப்பாளர் பகுதி அது. அங்கு ஏர் உழுவதற்கு நிலம் இல்லை. ஆனால் அங்கு எரியும் ஒவ்வொரு விளக்கிற்கும் எங்கோ ஓரிடத்தில் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முன்பு அந்த நிலம் பக்கத்திலேயே இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலேயே, வியாசர்பாடிக்கு அடுத்த பேசின் பிரிட்ஜில் நிலக்கரி மின்நிலையம் இயங்கியது. பின்னர் 1996-இல் அங்கேயே 120 மெகாவாட் திறனுள்ள எரிவாயுச் சுழலி நிலையம் அமைக்கப்பட்டது. வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2017-இல் மூடப்பட்டது. அதற்கும் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் உள்ளன. இவற்றின் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டவும் பரந்த இடம் தேவைப்பட்டது. கொசஸ்தலையாற்றின் கழிமுகமும் எண்ணூரைச் சுற்றியுள்ள உப்பளங்களும் மீன்பிடித் துறைகளும் அந்தச் சாம்பலால் கெட்டன. ஆகவே நிலக்கரி மின்சாரம் நிலத்தைத் தொடாத மின்சாரம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்று அந்த நிலம் தெற்கே வெகுதூரம் சென்றுவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அது பரவியுள்ள இடம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். அங்கு விளையும் பகல் மின்சாரம் மாநில மின்தொகுப்பில் கலந்து, தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் போகிறது. நகரத்தின் தேவை வளர வளர, நிலம் கேட்டு வருவோர் கிராமத்தின் வாசலுக்குத்தான் வருவார்கள்.

ஏக்கருக்கு எத்தனை யூனிட்?

கமுதியின் கணக்கைப் பார்த்தால், ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 ஏக்கர் ஆகிறது. அதாவது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 250 கிலோவாட் தகடுகள் அமையும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். எனவே ஓர் ஏக்கர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரம் தருகிறது.

இனி மாடியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் தகட்டிற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் போதும். 300 சதுர அடி மொட்டை மாடியில் 3 கிலோவாட் அமையும். நாளுக்கு 12 யூனிட் கிடைக்கும். ஓர் ஏக்கர் தரும் 1,000 யூனிட்டை 83 வீட்டு மாடிகள் தந்துவிடும். 83 மாடிகளில் தகடு ஏறினால் ஓர் ஏக்கர் நிலம் பயிருக்கு மிஞ்சும் என்பதே இதன் பொருள். தகட்டிற்குத் தேவை வெயிலும் தாங்கும் இடமுமே. மண்ணின் வளமோ, ஈரமோ, நுண்ணுயிரோ அதற்கு வேண்டியதில்லை. பயிருக்கோ இவை மூன்றும் வேண்டும்.

இந்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டத்தில், வீட்டு மாடியில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போர்க்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இத்திட்டத்தின் இலக்கு.

எல்லா மாடிகளும் இதற்கு உதவும் என்று சொல்வதற்கில்லை. வியாசர்பாடி போன்ற பகுதிகளில் ஓர் அடுக்குமாடியின் ஒரே மாடியைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீர்த்தொட்டியும் பக்கத்து வீட்டின் நிழலும் இடத்தைக் குறைக்கின்றன. சாலைப் புழுதி தகட்டில் படிந்து மின்சாரத்தைக் குறைக்கும். ஆயினும் பள்ளிகள், பண்டகசாலைகள், தொழிற்கூடங்கள், இரயில்வே கட்டடங்கள் எனப் பெரிய கூரைகள் வட சென்னையில் நிறைய உள்ளன. நம் கிராமங்களிலும் நெல் குடோன், பால் கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை ஆகியவற்றின் கூரைகள் வெறுமனே வெயிலில் காய்கின்றன.

பகலில் விளைவது, இரவில் வேண்டுவது

சூரிய மின்சாரத்தின் பெரிய குறை, மாலை ஆறரை மணிக்கு அது நின்றுவிடுவதுதான். வீடுகளில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடத் தொடங்குவதோ அந்த நேரத்தில்தான். நெல்லைக் குதிரில் சேர்த்து வைப்பது போல மின்சாரத்தையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

சேர்த்து வைக்கும் முறை நமக்குப் புதிதன்று. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.

வீட்டளவில் இந்த வேலையைச் செய்வது இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஆகும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டின்போது வீடுதோறும் இவை பரவின. நாம் அதிகம் வாங்குவது ஈயம், அமிலம் கொண்ட டியூபுலர் பேட்டரியாகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமானால் அதில் பாதியளவே, அதாவது 0.9 யூனிட் அளவே எடுக்க வேண்டும். பழைய வகை மின்விசிறி இரண்டும் எல்.இ.டி. விளக்கு நான்கும் ஓடினால் சுமார் 186 வாட் ஆகும். அது 5 மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். 30 வாட் மட்டும் எடுக்கும் புதுவகை மின்விசிறிகளை மாட்டினால் மொத்தம் 96 வாட்தான்; அதே பேட்டரி 9 மணி நேரம் ஓடும். ஆகவே பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுவது சிக்கனமாகும்.

இப்போது லித்தியம் பேட்டரிகள் விலை குறைந்து வருகின்றன. உலகச் சந்தையில் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2010-இல் 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் அது 115 டாலராகக் குறைந்தது. கடையில் வீட்டுக்கு வாங்கும் விலை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இவற்றுள் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வீட்டுக்கு ஏற்றது. அதில் அடங்கியதில் 80 முதல் 90 விழுக்காடு வரை எடுக்கலாம்; தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை; எடையும் குறைவு; ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு முறை ஏற்றி இறக்கலாம். ஜெர்மனியில் வீட்டு பேட்டரிகளின் எண்ணிக்கை 2024 முடிவதற்குள் பத்து இலட்சத்தைத் தாண்டியது. மாடித் தகடுகள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரிக்கு அரசு தள்ளுபடி வழங்கத் தொடங்கியது. நம் நாட்டில் டில்லியின் கிலோக்ரி துணைமின் நிலையத்தில் 20 மெகாவாட் பேட்டரி நிலையம் 2025-இல் இயங்கத் தொடங்கியது. நெருக்கமான நகர்ப் பகுதிக்கு நடுவிலேயே இரவு மின்சாரத்தைச் சேமிக்க முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. சேர்த்து மட்டும் வைக்கிறது. அதில் போட்டதெல்லாம் திரும்பியும் வராது. சிறிது சேதாரம் உண்டு. ஆயினும் மாடியில் பகலில் விளைந்ததை அதே வீட்டில் இரவில் செலவிட அது வழி செய்கிறது. அதனால் மாடியின் மதிப்பு கூடுகிறது. இரவுத் தேவையைக் காட்டி விளைநிலத்தைக் கேட்க வேண்டிய அவசரம் அந்த அளவு குறைகிறது.

தகடு இருந்தும் இருட்டு ஏன்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கி, நாட்கணக்கில் மின்சாரம் இன்றித் தவித்தன. இத்தகைய வேளையில், மாடியில் தகடு போட்டவர் வீட்டில் மட்டும் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சூரிய இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மீது மின்சாரம் பாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மின்தடை நேரத்திலும் தகட்டின் மின்சாரம் வேண்டுமெனில், பேட்டரியும், கம்பியைத் துண்டித்துக்கொண்டு தனித்து இயங்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை. புயல் அடிக்கும் கடற்கரை மாவட்டத்து உழவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேட்டரி வைப்போர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. வெள்ளம் எட்டாத உயரத்தில், காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் வைக்கவும். ஈய பேட்டரி மின்னேற்றத்தின்போது எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். படுக்கையறையிலும் அடுப்பங்கரையிலும் வைக்கக் கூடாது.
2. ஈய பேட்டரிக்கு வடிநீர் மட்டுமே ஊற்றவும். கிணற்று நீர் ஊற்றினால் தகடுகள் கெடும்.
3. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணில் இறங்கினால் எளிதில் நீங்காது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளவும்.

கிணற்றுக்கு பேட்டரி தேவையா?

சூரிய பம்புசெட் வைக்கும் உழவர்கள், இரவிலும் பாய்ச்ச பேட்டரி வைக்கலாமா என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் தேவையில்லை. உழவரின் பேட்டரி தண்ணீர்த் தொட்டியே.

கணக்கு இதோ. 30 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் சாதாரண மோட்டார், ஒரு யூனிட்டில் சுமார் 5,000 லிட்டர் தரும். 5 யூனிட் சேமிக்கும் பேட்டரியால் இரவில் 25,000 லிட்டர் இறைக்கலாம். அதே 25,000 லிட்டரைப் பகலிலேயே இறைத்து, 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் தேக்கிவிடலாம். பேட்டரியை ஒரு நாள் மாற்றியே ஆக வேண்டும். ஒழுங்காகக் கட்டிய தொட்டி ஒரு தலைமுறை நிற்கும். தொட்டியில் மீன் வளர்க்கலாம். அந்த நீரையே பயிருக்கு விடலாம்.

5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 5 கிலோவாட் தகடு வேண்டும். அதற்கு ஒன்றே கால் சென்ட் பரப்பும், சுற்றி நடக்கச் சிறிது இடமும் போதும். கிணற்று மேட்டிலோ களத்து ஓரத்திலோ, தென்னை நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கி 10 முதல் 13 பாகை சாய்வில் அமைக்க வேண்டும். தகட்டை அதிகாலையில் நல்ல நீரால் துடைக்கவும். உப்பு நீர் வெள்ளைப் படலம் விடும். 2019-இல் இந்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியாகவும் மாநில அரசின் வழியாகவும் சூரிய பம்புகளுக்கு மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள மானிய அளவை வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் கேட்டறியவும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வெயிலுக்கு விலையில்லை என்பதால் காலை முதல் மாலை வரை மோட்டாரை ஓட விட்டால், கிணறு வற்றிவிடும். சொட்டுநீரும் தொட்டியும் இல்லாத சூரிய பம்பு நிலத்தடி நீரைச் சீக்கிரம் தீர்க்கும். குஜராத்தின் துண்டி என்ற ஊரில் 2016-இல் ஆறு உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கத் தொடங்கினர். விற்றால் காசு வரும் என்னும்போது வீணே நீர் இறைக்க யாருக்கும் மனம் வராது. இது நல்ல முன்மாதிரியாகும்.

குத்தகைக்கு விடும் முன்பு

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா சுமார் 13,000 ஏக்கரில் உள்ளது. நிலத்தை விற்காமல் உழவர்களே உரிமையாளராக இருந்து, 28 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. அடிக்கடி வறட்சி தாக்கும் அப்பகுதியில் இது பலருக்கு உறுதியான வருமானம் ஆயிற்று. ஆனால் சொந்த நிலமின்றிக் கூலிக்குச் சென்றவர்களும் ஆடு மேய்த்தவர்களும் பிழைப்பிடத்தை இழந்தனர்.

அந்த உயர்வு விகிதத்தை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். 28-ஆம் ஆண்டில் குத்தகை சுமார் 39,600 ரூபாயாக இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்று 21,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளை அன்று வாங்க 78,400 ரூபாய் வேண்டும். அதாவது குத்தகையின் உண்மை மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். இரண்டாண்டுக்கு 5 விழுக்காடு என்பது காதுக்கு உயர்வாக ஒலித்தாலும் கைக்குக் குறைவாகவே வந்து சேரும்.

எனவே கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம்.
2. குத்தகை உயர்வு ஆண்டுதோறும் இருக்க வேண்டும். விலைவாசிக்கு ஈடான விகிதத்தைக் கேட்கவும்.
3. பணம் தவறினால் எத்தனை மாதத்தில் ஒப்பந்தம் முறியும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.
4. கம்பெனி வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் பொறுப்பு யாருடையது, நிலத்தை அடமானம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று பார்க்கவும். அடமான உரிமை கொடுக்கக் கூடாது.
5. குத்தகை முடிந்ததும் தகடு, இரும்புக் கால், காங்கிரீட், கம்பி அனைத்தையும் அகற்றி, நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வைப்புத்தொகை பெற வேண்டும்.
6. மேல் மண்ணை வழித்து அகற்றக் கூடாது என்றும், ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியவற்றை அடைக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். பக்கத்து நிலக்காரரின் நீர்வரத்தும் இதில் அடங்கியுள்ளது.
7. நிலத்தின் மீதுள்ள பயிர்க்கடன், கூட்டுப் பட்டா, குத்தகை உழவர் உரிமை ஆகியவற்றை முன்னதாகவே தீர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண்கள் உட்படப் பங்குதாரர் அனைவரும் ஒப்பந்தத்தைப் படித்துக் கேட்டிருக்க வேண்டும்.

தகட்டின் கீழும் பயிர் செய்யலாம்

நிலத்தை முழுதும் விட்டுக்கொடுக்காமல், தகட்டை உயர்த்தி நிறுத்தி இடையிலும் கீழும் பயிரிடும் முறையும் உண்டு. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் 105 கிலோவாட் அமைப்பில் பச்சைப்பயறு, கொத்தவரை முதலிய பயிர்களைத் தகட்டு வரிசைகளுக்கு இடையே வளர்த்துக் காட்டியது. தகட்டின் மேல் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, தகடு கழுவவும் பாசனத்திற்கும் பயன்படுத்தியது. கொச்சி விமான நிலையத்தின் சூரியத் தகடுகளுக்கு இடையே காய்கறி விளைகிறது.

இது ஏன் இயலுகிறது? நெல், பயறு, நிலக்கடலை, காய்கறி போன்ற பயிர்களின் இலை, உச்சி வெயில் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. ஓரளவுக்கு மேல் ஒளி கூடினாலும் உணவு தயாரிப்பு கூடாது. ஆகவே சிறிது நிழலை இவை தாங்கும். இஞ்சி, மஞ்சள், சேனை, கீரை ஆகியவை அதனினும் நன்றாகத் தாங்கும். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவை முழு வெயிலைப் பயன்படுத்தும் பயிர்கள். நிழலில் விளைச்சல் குறையும். உயரமான கால்களும் அகன்ற இடைவெளியும் வேண்டியிருப்பதால் இம்முறைக்குச் செலவு கூடும். ஏக்கருக்கு அமையும் தகடுகளும் குறையும். எனவே குத்தகைப் பேச்சின்போதே, தகடுகளுக்கு இடையே பயிரிடவோ ஆடு மேய்க்கவோ உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்குதல் நலம்.

முடிவாக

சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலை நினைத்தால் அது எவ்வளவு தேவை என்பது விளங்கும். தகடு அமைக்கும் இடத்தைத் தேர்வதில் ஒரு வரிசை வேண்டும். முதலில் வீட்டு மாடியும் ஊர்ப் பொதுக் கட்டடங்களின் கூரையும். அடுத்துக் கிணற்று மேடும் களத்து ஓரமும். அதன்பின் உவர் ஏறிப் பயிர் எடுக்காத நிலம். பாசன வசதியுள்ள நஞ்சையும் தோட்டமும் கடைசியில்தான். தரிசு என்று ஏட்டில் எழுதியிருப்பதெல்லாம் பயனற்ற நிலம் அன்று. அது ஊர் ஆடுமாடுகளின் மேய்ச்சல் காடாக இருக்கலாம். அதையும் ஊரார் கலந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

குத்தகைத் தாளுடன் யார் வந்தாலும், அன்றே கையெழுத்திடாமல், அதன் படியை வாங்கி வைத்துக்கொண்டு, மேற்கண்ட ஏழு கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்ற பின்னரே முடிவெடுக்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.